அம்மா பிரித்து வைத்த ஜோடி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் சர்க்கரை அளவைப் பேசுகிறோம், அப்புறம் முட்டிவலி, அதற்கப்புறம்தான் பாட்டு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அப்படிப் பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது பழைய தெருத் தோழி ஒருத்தி கேட்டாள்: "உங்க வூட்ல ரெண்டு ஆம்ப் இருந்துச்சே, செவப்பா கண்ணு முழிச்சிக்கினு, அது எங்கடி போச்சு?"

அப்பா தன் கையால் கட்டிய பாட்டு ஆம்ப்ளிஃபயர்கள் அவை. எங்கே போச்சு என்பது இருக்கட்டும். எங்கே இருந்தது என்பதுதான் கதை. எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். அந்தக் காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: இதுகளை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு நாட்டில் யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நாங்கள் போட்டோம். தெருவே சேர்ந்து போட்டது.

பெங்களூர் ஜோகுபாளையத்தில், ஏரிப் பக்கம் இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஆள் நுழைகிற அளவு ஒரு இடைவழி. முன்னறையில் தெருவைப் பார்த்து வடக்கே ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னல்தான் எங்கள் சொத்து. வெயில் நேராக விழாது, ஆனால் காலை முதல் சாயங்காலம் வரை பால் ஊற்றினது போல ஒரே சீரான வெளிச்சம். அம்மாவின் தையல் மெஷினோ இடைவழியில், குண்டு பல்புக்குக் கீழே. ஊசியில் நூல் கோக்க அம்மா என்னைக் கூப்பிடுவாள். "உனுக்குக் கண்ணு புதுசு" என்பாள்.

அப்பா கம்பெனியில் ஒயரிங் பிரிவில் இருந்தார். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் சால்டரிங் கோலைச் சூடேற்ற வைப்பார். அந்த ஈயப் பற்றின் புகை இருக்கிறதே, சாம்பிராணிக்குத் தம்பி மாதிரி ஒரு வாசம், எனக்கு இன்றைக்கும் அதுதான் அப்பாவின் வாசம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி வருவார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. எஸ்.பி. ரோட்டு ரேடியோ சாமான் கடைகளிலிருந்து, பழைய ரேடியோவுக்குள் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகளைச் செய்தித்தாளில் சுற்றி, கோழிமுட்டை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

ஊரில் எல்லோரும் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்குமான வேலை ஒரே பெட்டிக்குள் நடக்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு வூட்ல ரெண்டு அடுப்பு வெச்சா ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்குப் போவும். தனித்தனியாக் கட்டணும்" என்றார். கட்டினார். இடப்பக்கப் பாட்டுக்கு ஒன்று, வலப்பக்கப் பாட்டுக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி, கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புத் தட்டு, பின்னால் குட்டிச்சுவர் மாதிரி டிரான்ஸ்ஃபார்மர், முன்னால் வரிசையாக வால்வுகள். சுவிட்சைப் போட்டால் முதலில் ஒன்றுமிருக்காது. பிறகு கண்ணாடிக்குள் ஒரு செம்பருத்தி மொட்டு. பிறகு அறை முழுக்க சூடான தூசியின் வாசனை. மார்கழி மாதிரியே குளிர்கிற அந்தப் பெங்களூர் ஆடிக் காலைகளில் நான் அதன் முன்னால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "பல்லு தேச்சிட்டு குளிர் காயறதுதானே" என்று அம்மா அதட்டுவாள்.

அப்பா அந்த ஜோடியை வைத்த இடம் ஜன்னலுக்குக் கீழே. அங்கே ஒரு பெரிய மர மேசை. அதன்மேல் நடுவில் கேசட் டெக், அதை ஒட்டி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோல் பெட்டி, இரண்டு பக்கமும் காவல் தெய்வங்கள் மாதிரி ஆம்ப் இரண்டும். எதிர்ச்சுவரில், தெற்கே, இரண்டு மூலையிலும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஸ்பீக்கர் பெட்டிகள். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு விரல் தடிமனில் ஒயர், அறையின் இரண்டு சுவரோரமாகவும் சாரைப்பாம்பு போல ஓடியது. பெருக்கும்போதெல்லாம் அம்மா அதைத் துடைப்பத்தால் தூக்கித் தூக்கிப் போட்டாள்.

"சன்னல்கிட்ட காத்து வருதும்மே. சூடு ஆறும்ல?" என்பது அப்பா சொன்ன காரணம். இன்றைக்கு எனக்கு வேறு ஒன்றும் தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டோடு வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லோரும் அந்தச் செம்பருத்தியைப் பார்த்து, "இன்னாபா இது, உள்ள பூ பூக்குது?" என்று கேட்பார்கள். அப்பா பதில் சொல்வார். பாட்டு காதுக்கு என்று கட்டினார், வைத்ததோ கண்ணுக்கு.

இதில் ஒரு குறை இருந்தது. உறுமல். சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பும். பாட்டு பலமாக இருக்கும்போது தெரியாது. பாட்டில் ஒரு இடத்தில் எல்லாம் அடங்கி, பாடுகிறவர் மட்டும் மெல்ல இழுப்பார் பாருங்கள், சரியாக அங்கே வந்து உட்காரும். அம்மா அதற்கு வண்டு என்று பேர் வைத்தாள். "இன்னாங்க, வண்டு இன்னிக்கி சுருதி சேத்துப் பாடுது."

அந்த வண்டை ஓட்டத்தான் ஊர் கூடியது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாமா. அப்பாவின் கம்பெனிக் கூட்டாளி, அப்பாவுக்கு 'மச்சான்', அம்மாவுக்கு 'அண்ணா'. எதற்கும் திசை பார்ப்பவர், எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கிழக்கைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அவர் ஜன்னலடியில் ஆம்ப் எரிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மச்சான், இன்னா வேலை பண்ணிக்கீற? வடக்கு குபேரன் இடம். அங்க போயி நெருப்ப வெச்சா குபேரன் சும்மா இருப்பானா? உறுமத்தான் செய்வான். நெருப்பு அக்னி மூலைக்குத்தான் போவணும்."

"ரெண்டு இருக்கே?"

"ரெண்டையும் அங்கயே வெய்யி. ஜோடியப் பிரிச்சா வூட்ல சண்டை வரும்."

அம்மா இடைவழியிலிருந்து குரல் கொடுத்தாள்: "சேத்து வெச்சே சண்டைதானேண்ணா வருது!"

அடுத்த ஞாயிறே ஜோடி இடம்பெயர்ந்தது. தென்கிழக்கு மூலையில், இடப்பக்க ஸ்பீக்கருக்கு அருகில், ஒரு ஸ்டூலின் மேல் இரண்டும் தோளோடு தோள். சுவிட்சைப் போட்டார்கள். என்ன ஆச்சரியம், வண்டு பாதிக்குமேல் அடங்கிவிட்டது! மாமா கையெடுத்துத் தெற்குச் சுவரைக் கும்பிட்டார். "பாத்தியா மச்சான்? சாஸ்திரம்னா சும்மாவா?"

இன்றைக்கு யோசித்தால், விடை அங்கேயே எங்கள் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் கேசட் டெக்கை விட்டு விலகின, உறுமல் குறைந்தது. அவ்வளவுதான் விஷயம். அப்பாவுக்கு ஒயரிங் தெரியும், யோசித்திருந்தால் பிடித்திருப்பார். ஆனால் 'மூலை' என்ற சொல் நடுவில் வந்து நின்றுவிட்டது. மனசுக்குப் பிடித்த காரணம் கிடைத்துவிட்டால் அப்புறம் உண்மைக் காரணத்தை யார் தேடுகிறார்கள்?

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அது சமையலறைச் சுவர். கரெண்டும் சமையலறைப் பிளக்கிலிருந்துதான். அம்மா மிக்ஸியைப் போட்டால் பாட்டுக்குள் வெங்காயம் வதங்கியது, சடசடவென்று. இரண்டும் ஒட்டி உட்கார்ந்ததில் சூடு தாங்காமல் சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் அப்பளம் மாதிரி சுருண்டது. ஒருநாள் அம்மா வேண்டுமென்றே சட்னி அரைத்தாள் என்று அப்பா சொன்னார். "ஆமா, சட்னி இல்லாம இட்லிக்குப் பாட்டத் தொட்டுக்கினு சாப்புடுங்க" என்றாள்.

ஜோடி மறுபடியும் ஜன்னலடிக்கு வந்தது. வண்டும் திரும்பி வந்தது, கொழுத்து.

அதற்கு அடுத்தது மழை. நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம், நாலு மணி வரை ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்கும். அன்றைக்குச் சாரல் ஜன்னல் கம்பி வழியாகச் சீறி வந்து பழுக்கச் சூடாயிருந்த வால்வின்மேல் விழுந்தது. 'ட்ணக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு சின்னச் சத்தம். மொட்டு வெளுத்துப் போனது. அப்பா அதைத் துணியில் பிடித்துக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடித்துச் சொல்ல நல்ல நேரம் வந்தும் அம்மா சொல்லாமல் விட்டாள் பாருங்கள், அதுதான் எனக்கு அவள்மேல் முதன்முதலாக வந்த மரியாதை.

அப்பா வேறு வால்வு வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு ஜன்னல் எப்போதும் மூடியே கிடந்தது.

இங்கேதான் கதை அம்மாவின் கைக்கு வருகிறது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக்கடை. அதன் முதலாளியம்மா அம்மாவின் கைத்தையலைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்குப் பட்டு ரவிக்கைகள் மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஜரிகைக் கரை வேலை, பல்பு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், பகல் வெளிச்சத்தில் தைக்க வேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் வீட்டுக்கு வந்து இடத்தைப் பார்த்துவிட்டுத் துணியைத் தருகிறேன் என்றிருந்தார். அம்மாவுக்கு அதுவரை வந்த வேலையெல்லாம் தெருவாருடைய பாவாடை நாடாவும் பள்ளிச் சட்டையின் கிழிசலும்தான். 'கடைக்குத் தைக்கிறவள்' என்று ஒரு பேர் வாங்கவேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்கு மட்டும் தெரியும். இடைவழியில் பழைய துணியில் ஜரிகைக் கரை வைத்துத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஜன்னல் வேண்டும். ஜன்னலடியிலோ மேசை, மேசைமேல் ஜோடி.

"அந்த மேசைய இப்படித் தள்ளினா என் மெஷினு…" என்று ஆரம்பித்தாள் ஒருநாள்.

"தள்றதா? சவுண்டு கெட்டுடும்மே."

"இப்ப மட்டும் இன்னா, தேனா பாயுது?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா இருந்தார், இன்னும் இரண்டு கம்பெனிக் கூட்டாளிகள் இருந்தார்கள். "ஆம்புல ஒரு தப்பும் இல்ல. இந்த ரூம்புதான் சரியில்ல. செவுரு கோணல்" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

மாடியில் ஓனரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசி அவர் தமிழிலே பாதி கன்னடம், எங்கள் கன்னடத்திலே முக்கால் தமிழ். ஈரத்துணியோடு இறங்கி வந்தார்.

"ஏனப்பா, நம்ம மனெ கோணலா? எங்க வூட்டுக்காரரு நூலு புடிச்சிக் கட்டின செவுரு இது. குணியலாரதவளு நெல டொங்கு அந்தளந்தெ!"

ஆடத் தெரியாதவள் தரை கோணல் என்றாளாம். நம்மிடத்தில் கூடம் கோணல் என்போம், அவர்களிடத்தில் தரை கோணல். மொழி மாறினாலும் ஆடத் தெரியாதவள் ஒருத்தியேதான் போலிருக்கிறது. நான் அன்றைக்கு அந்தக் கன்னட வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். இப்படி யாராவது ஏதாவது சொன்னால் முடிந்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியது.

கூட்டாளிகள் சிரித்தார்கள். அப்பா முகம் சிவந்தது. அம்மா அந்த நேரத்தை விடவில்லை.

"இன்னாங்க, எல்லாரும் இருக்கச்சொல்லவே கேக்கறேன். ஆயுத பூஜை முடிஞ்சி மறுநாளு காலையில வண்டு இல்லாமப் பாடுச்சின்னா ரூம்பு உங்களுது. நான் இடைவழியிலயே கெடக்கறேன், வாயத் தெறக்க மாட்டேன். உறுமுச்சின்னா அது பரண்மேல ஏறிடணும், சன்னலு என்னுது. சரியா?"

"சரி" என்றார் அப்பா. மாமா எல்லோரையும் விஜயதசமி காலைக்குக் கூப்பிட்டுவிட்டார், கல்யாணத்துக்குக் கூப்பிடுவது போல.

அந்த இடைநாட்களில் அப்பா படாத பாடு பட்டார். ஆம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தார், மெத்தையின் பஞ்சு கருகுகிற வாசனை வந்தது. டெக்குக்கும் ஆம்புக்கும் நடுவே தகரத் தடுப்பு வைத்தார், தகரம் சேர்ந்து உறுமியது. ஒரு மத்தியானம் அவர் தடி ஒயரைப் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வம்புக்கு வரவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கேசட்டுலேர்ந்து ஆம்புக்கு ஒரு ஒயரு போவுதே, அது ஏன் ஒல்லியா கீது?"

"அதுல போறது சின்ன சவுண்டும்மே. ஆம்புல வந்துதான் பெருசாவும். பெருசானதுக்கப்புறம் தடி ஒயரு."

"பெருசான பாட்ட இவ்ளோ தூரம் இழுத்துக்கினு போறீங்க. ஒல்லிப் பாட்ட நீட்டி விட்டுட்டு ஆம்ப பொட்டிகிட்ட வெச்சா இன்னா?"

"இதெல்லாம் உனுக்கு…"

"எனுக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். நூல்கண்டு தூரத்துல இருக்கலாம். ஊசி துணிகிட்டதான் இருக்கணும்."

அப்பா சிரித்துவிட்டார். "தையலு வேற, சவுண்டு வேற. ஒல்லி ஒயரு நீளமாப் போனா காத்துல இருக்கற எரைச்சலெல்லாம் ஏறிக்கும். அதுவுமில்லாம, ஒண்ணு அந்த மூலையில, ஒண்ணு இந்த மூலையிலயா? ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி, பிரிக்கச் சொல்றியே."

அம்மா எழுந்து போனாள். சும்மா எழுந்து போகிற நடை இல்லை அது. கத்தரியை எடுக்கப் போகிறவளின் நடை.

ஆயுத பூஜை அன்று காலை அப்பா கம்பெனிக்குப் போனார். மெஷின்களுக்கெல்லாம் பூஜை போட்டு, பொரியும் இனிப்பும் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு மத்தியானம் வருவார். அவர் பஸ் ஏறியதும் அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"பாப்பா, ஓனரம்மாவக் கூப்புடு."

ஓனரம்மா வந்தார், கோணல் சுவர் விவகாரம் இன்னும் ஆறாமல். மூன்று பேருமாக ஒயர்களைக் கழற்றினோம். ஒவ்வொரு ஆம்பையும் பழைய புடவையின்மேல் இறக்கி வைத்து இழுத்தோம். கோயில் தேர் மாதிரி கனம். ஓனரம்மா "எளி, எளி" என்று கன்னடத்தில் முடுக்கினார், நாங்கள் இழுத்தோம். இடப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி ஒன்று, வலப்பக்க ஸ்பீக்கரை ஒட்டி ஒன்று. சாப்பிட உட்காரும் மணைப் பலகை இரண்டை எடுத்து ஆளுக்கொன்று போட்டு அதன்மேல் உட்கார வைத்தோம். பெரிய மேசை பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனது. டெக்கும் கன்ட்ரோல் பெட்டியும் பக்கத்துச் சுவரின் மர அலமாரிக்குப் போயின. பிறகு தையல் மெஷினை உருட்டி வந்து, ஜன்னலை விரியத் திறந்து, அதன் கீழே நிறுத்தினோம்.

அறை எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் நான் பாவாடை விரியச் சுற்றிப் பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை.

அம்மா தரையைக் கழுவினாள், கோலம் போட்டாள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு மல்லிகை. கத்தரிக்கோல், சால்டரிங் கோல், ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மனை எல்லாம் வாழையிலையில் வரிசையாக. கடைசியில் இரண்டு ஆம்புக்கும் போய், டிரான்ஸ்ஃபார்மரின் நெற்றியில் பார்த்துப் பார்த்து மூன்று விரல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நம் வீடுகளில் வழக்கம் என்ன? பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை முடித்துத்தான் எடுக்கவேண்டும், எடுக்கும்போது வைத்த இடத்திலேயே வேலையைத் தொடங்கவேண்டும்.

அப்பா பொரி மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே எதிர்வீட்டு மாமா.

"இன்னாம்மே இது?"

"பூஜை."

"ஆம்பு ஏன் அங்க கீது?"

"கழுவறதுக்கு நகுத்தினேன். பொட்டு வெச்சிட்டேன்."

அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார். அம்மா கற்பூரத் தட்டை நீட்டினாள். "பூஜை போட்ட ஆயுதத்தத் தொடுவீங்களா? தொடுங்க பாப்போம்."

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. பிறகு தானாகவே கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டது. மாமாவின் பக்கம் திரும்பினார். "மச்சான், நீயே சொல்லு."

மாமா அறையை நாலு திசையும் அளந்தார். "எடதுபக்கத்துது அக்னி மூலை, அது சரி. வலதுபக்கத்துது கன்னி மூலை ஆச்சேம்மா, அங்க நெருப்பா?"

"அது நெருப்பு இல்லண்ணா. மஞ்ச குங்குமத்தோட மணையில உக்காந்துக்கீற லட்சுமி. எழுந்திருன்னு நீங்க சொல்லுங்க."

மாமா பொரியை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்பா அன்று சாயங்காலம் வரை அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒல்லி ஒயர்ச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒயரு ஆயுதமா இல்லியா?" என்று மாமாவைக் கேட்டார். "பொட்டு வெச்சாங்களா? இல்லியே. அப்ப ஆயுதம் இல்ல" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அப்பா சுவர் மேலேயே, சாமி படத்துக்கு மாலை போடுகிற மாதிரி, அலமாரியிலிருந்து இரண்டு மூலைக்கும் ஒல்லி ஒயரை ஆணியடித்துக் கொண்டுபோனார். மேலே செம்பு வலை பின்னிய நல்ல ஒயராக எடுத்தார், வெளி இரைச்சல் ஏறாமலிருக்க. முனைகளில் பற்றவைக்க முடியவில்லை. சால்டரிங் கோல் வாழையிலையில் பொட்டோடு படுத்திருந்தது.

விஜயதசமி காலை விடிந்ததும் மறுபூஜை. அப்பா கோலை எடுத்தார், பற்றவைத்தார். இரண்டு ஆம்புக்கும் கரெண்டைத் தனித்தனிப் பிளக்கிலிருந்து எடுத்தால் அதிலேயே உறுமல் ஏறும் என்று, முன்னறைப் பிளக் ஒன்றிலிருந்தே ஒரு போர்டு போட்டு இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தார். இது அவருடைய சொந்த யோசனை, அதை நான் மறைக்கக்கூடாது. ஸ்பீக்கருக்குப் போகிற தடி ஒயர் இப்போது ஒரு முழம்கூட இல்லை. வெட்டிப் போட்ட மிச்சம் தரையில் உரித்த பாம்புச் சட்டை மாதிரி கிடந்தது.

கம்பெனிக் கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். ஓனரம்மாவும் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா யாரையும் பார்க்காமல் ஜன்னலடியில், மெஷினுக்குப் பின்னால், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, அறையைப் பார்த்து உட்கார்ந்தாள். விஜயதசமிக்கு முதல் தையல் போடவேண்டுமல்லவா? முதலாளியம்மாவுக்குக் காட்ட, ஜரிகைக் கரை வைத்த ஒரு ரவிக்கை. ஆனால் கால் மிதியில் வைத்தபடியே நின்றது. பயந்திருந்தாள். உறுமினால் ஜன்னல் அவளுக்கு. அதுதானே அவளுக்கு வேண்டும்? ஆனாலும் அவள் உதடு அசைந்தது. உறுமக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "நான் வெச்ச எடமாச்சே" என்றாள்.

அப்பா சுவிட்சைப் போட்டார். இரண்டு மூலையிலும் மொட்டு விட்டது. காத்திருந்தோம். ஒன்றுமில்லை. காதைத் தீட்டிக்கொண்டோம். ஒன்றுமே இல்லை.

"கரெண்டு போச்சா?" என்றார் மாமா.

"மேல பல்பு எரியுதே" என்றார் ஒரு கூட்டாளி.

அப்பா ஒரு ஸ்பீக்கரிடம் போய் அதன் வாயில் காதை வைத்தார். பிறகு இன்னொன்றிடம் ஓடினார். நிமிர்ந்து பார்த்தார். "வண்டு இல்ல" என்றார், ஏதோ தொலைந்துபோன மாதிரி. அப்புறம்தான் அவருக்கே விளங்கி, "டேய், வண்டு இல்லடா!" என்று கத்தினார்.

கேசட்டைப் போட்டார். எந்தப் பாட்டு என்று சொன்னால் நீங்கள் இதை விட்டுவிட்டுப் பாட உட்கார்ந்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ஆயிரம் தடவை ரேடியோவில் கேட்டது. அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டோம். இடப்பக்கம் புல்லாங்குழல், வலப்பக்கம் தபலா, நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றுச் சுவருக்கு முன்னால், ஒரு பெண் வந்து நின்று பாடினாள். ஓனரம்மா நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவுரு நேராத்தான் இதெ!" எல்லோரும் சிரித்ததில் பாதிச் சரணம் போய்விட்டது. அப்பா திருப்பிப் போட்டார்.

எல்லாம் அடங்கி அவள் மட்டும் இழுக்கிற அந்த இடம் வந்தது. அம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"அந்தம்மா கைல வளையலு" என்றாள்.

"இன்னா?"

"பாடறாங்களே, அவுங்க கைய அசைக்கறாங்க. வளையலு கேக்குது. கண்ணாடி வளையலு."

அப்பா அலமாரிக்குப் பக்கத்திலிருந்து காது கொடுத்தார். கேட்கவில்லை. வலது மூலையிலிருந்து கொடுத்தார். கேட்கவில்லை. மாமா அக்னி மூலையில் நின்று தலையை ஆட்டினார். நான் ஓடிப்போய் அம்மாவின் மடியோரமாக நுழைந்து நின்றேன். கேட்டது! ஒரே ஒரு தடவை, கலீர் என்று, அவ்வளவு மெலிதாக, பக்கத்தில் யாரோ கையைத் தூக்கின மாதிரி. "ஆமாம்ப்பா, கேக்குது!" என்று நான் குதித்தேன்.

இரண்டு மூலைக்கும் சமதூரத்தில், இரண்டுக்கும் நேரெதிரே, அந்த அறையிலேயே வளையல் கேட்கிற ஒரே இடம் அது. அதில் ஒரு தையல் ஸ்டூல் இருந்தது. ஸ்டூலில் அம்மா இருந்தாள்.

கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து கேட்டார்கள். குனிந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டது. "சிஸ்டர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று ஒருவர் கெஞ்சிப் பார்த்தார். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஜவுளிக்கடை முதலாளியம்மா துணி மூட்டையோடு இறங்கி, உள்ளே பார்த்து, ஜன்னலைப் பார்த்து, வெளிச்சத்தைப் பார்த்து, "பரவால்லியே, நல்ல எடம்" என்றார். அம்மா எழுந்துபோய் வாங்கவில்லை. என்னை அனுப்பினாள். நான் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன், பட்டின் வாசனை, புதுப் பட்டு, மூக்கில் ஏறியது.

"ஜெயிச்சிட்டேன் பாத்தியா? உறுமல!" என்றார் அப்பா.

"ஜெயிச்சீங்க. ரூம்பு உங்களுது" என்றாள் அம்மா. "நானும் இங்கதான் இருப்பேன். மெஷினுக்குப் பொட்டு வெச்சாச்சு, வெச்ச எடத்துலதான் தைக்கணும்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

அப்பா பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டுவிட்டு, அவ்வளவு பேர் நடுவே, மெஷினுக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மே, ஒரே ஒரு தபா. அந்த வளையலு வர்ற எடம் மட்டும். கொஞ்சம் எழுந்துக்கறியா?"

அம்மா ஊசியில் நூலைத் தானே கோத்தாள். என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அது முதல் தடவையிலேயே நுழைந்தது.

"இந்தக் கரை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, தபலாவுக்குச் சரியாகக் காலைப் போட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.